கழித்தல் குறி

பெர்க் காற்று இறங்கிய செவ்வாய்க்கிழமை.
மெரிபேங்க் தாண்டித் தண்டவாளம்
பாம்பு ஊர்ந்த தடமாய் நெளிந்து கிடப்பதைப்
படமெடுத்து அனுப்பியிருந்தான் லோகநாதன்.
பாதையைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை.
"உன் குழாய்க்கும் இதே கதைதானே?"
கீழே ஒரு வரி.
கிட்டத்தட்ட, என்று பதில் போட்டேன்.

என் குழாயைக் கண்ணால் கண்டவர்
இந்த மூன்றாம் மாடியில் எவருமில்லை.
கார்பன் அணுக்கள் அறுகோணமாய்க் கைகோத்துச்
சுருண்டுகொண்ட ஒரு சுவர்.
ஐம்பதாயிரத்தை அடுக்கினால்
ஒரு தலைமயிரின் தடிப்பு வரலாம்.
வெஸ்ட்வில் குன்றின்மேல் அது வெறும் சமன்பாடு.
இரு முனையையும் இறுகப் பிடித்திருக்கிறேன்.
விட்டால் நீண்டோ குறுகியோ தன்பாட்டுக்குக் கிடக்கும்.
நெளிவதற்குப் பிடி வேண்டும்.

இன்னொன்று:
ஒரு புள்ளியின் இறுக்கத்தை
அந்தப் புள்ளியிடம் மட்டும் கேட்டு எழுத முடியாது.
பக்கத்துப் புள்ளி, அதற்கும் பக்கத்துப் புள்ளி,
எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் சாட்சி சொல்லும்.
சாட்ஸ்வொர்த்தில் அடுத்த வீட்டோடு
ஒரே சுவரைப் பகிர்ந்து வளர்ந்தவளுக்கு
இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்று இரவாய் ஒரு பிழையைத் தேடுகிறேன்.
சூடேற்றினால் குழாய் தளர வேண்டும்.
திரையிலோ நிமிர்கிறது.
நாற்பது பாகை கூட்டினால்
இன்னும் கொஞ்சம் பாரம் தாங்குகிறது.
நிரலை வரிவரியாய்ப் படித்தேன்.
அலகுகளைத் தட்டிப் பார்த்தேன்.
நடுவே இரண்டரை மணிநேர மின்வெட்டு.
மெழுகுவர்த்தி வைத்துத் தாளில் போட்டேன்,
அந்தப் புழுக்கத்தில் மெழுகு சாய்ந்தது,
விடை சாயவில்லை.

பிறகுதான் கண்ணில் பட்டது
மார்ச்சில் நானே எழுதிவைத்த விரிவுக் கெழு,
அதன் முன்னால் ஒரு சின்னக் கோடு.
அறைவெப்பத்தில் இந்தக் கரி
சூடுபட்டால் விரிவதில்லை, சுருங்குகிறது.
முனைகள் விடாததால்
துணி காயும் கம்பிபோல் விறைத்துக்கொள்கிறது.
இன்னும் சில நூறு பாகை ஏறினால்தான் குறி மாறும்,
தண்டவாளத்தின் வழிக்கு வரும்.
மூன்று இரவாய் நான் திருத்தப் பார்த்தது
சரியான விடையை.

விடியற்காலை நான்கு. லோகநாதனை அழைத்தேன்.
தண்டவாளத்தில் இரண்டு விரற்கடை அறுத்தெடுத்து
மறுபடி பற்றவைக்கிறார்களாம்.
"சூட்டில் சுருங்குமா?" சிரித்தான்.
"அப்படியொரு இரும்பு இருந்தால் கொண்டுவா,
நான் தூங்கணும்."
பின்னால் அறுக்கும் ஓசை அவன் குரலை விழுங்கியது.

வரைபடத்துக்குப் பெயரிட்டுச் சேமித்தேன்.
காற்று கடல்பக்கம் திரும்பியிருந்தது.
ஜன்னல் சட்டம் ஒருமுறை
டக்கென்றது.