நாற்பதாவது படி

எங்கள் பக்கத்தில் மலை என்றால்
கொடுங்கையூர்தான்.
ஊரே கொட்டி ஊரே வளர்த்தது,
கோடையில் தானாகப் புகையும்.
தேசிங்கும் நானும் வேறெதிலும் ஏறியதில்லை.
திருப்பதிக்குப் போனபோதும்
ஏறியது பஸ்தான்.

இப்போது போன் திரையில் ஒரு மலை.
அதன் இடுப்பில் ஓர் ஓட்டல்.
பாகியோ, பிலிப்பைன்ஸ்.
மூன்று நட்சத்திரம்,
அதில் ஒன்று கொஞ்சம் மங்கல்.

பள்ளத்தாக்கு பார்த்த அறை
இரண்டாயிரத்து அறுநூறு பெசோ.
பார்க்கிங் பார்த்தது
ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
ஒன்றரையால் பெருக்கு என்றான், பெருக்கினேன்.
ஒரு ஜன்னலுக்கு ஓர் இரவுக்கு
ஆயிரத்து ஐம்பது ரூபாய் கூட.
நான்கு இரவு.
"தூங்கும்போது ஜன்னல் எதுக்கு?"
"தூங்கவா அம்மாந்தூரம் போறோம்?"

துறைமுகத்தில் இருபத்தாறு வருஷம்
கண்டெய்னர்களைக் கட்டியவன்.
கப்பலில் ஏறுவான், கட்டுவான், இறங்குவான்,
கப்பல் போகும்.
ரொடெல் என்றொரு மாலுமி
மூன்றாம் கேட் டீக்கடையில் கொடுத்த காலண்டரில்
ஊசியிலை மரமும் பனிமூட்டமும்.
வருஷம் முடிந்தும் கழற்றவில்லை.
எங்கள் வீட்டில் பதினொரு வருஷம்
டிசம்பராகவே இருந்தது.

கழன்ற இரும்புத் தண்டு
முட்டியில் விழுந்ததற்கு வந்த பணம்
வங்கியில் கிடக்கிறது.
முட்டி சம்பாதித்தது
முட்டிக்கே செலவாக வேண்டும் என்பது டாக்டர் கட்சி.
மலைக்கு என்பது அவன் கட்சி.
நான் இரண்டிலும் உறுப்பினர்.

இருபத்துநான்கு மணி நேரமும்
சுடுதண்ணீர் உண்டு என்று போட்டிருக்கிறது.
அவ்வளவு உயரத்துக்கு அது எப்படிப் போகும்?
எங்கள் பிளாக்கில் முதல் மாடிக்கே போகாமல்
தரைத்தளத்தில் என் வீட்டு வாசலில்தான்
குடங்கள் வரிசை நிற்கும்.

அடியில் சின்ன எழுத்தில் இன்னொன்று:
கேட்டிலிருந்து வரவேற்பறைக்குப் படிகள் உள்ளன.
எத்தனை என்றில்லை.
எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன்.
மரிடெஸ் என்பவள் பதில் போட்டாள்:
எழுபத்தாறு, மேடம். லிஃப்ட் கிடையாது.
பெட்டிகளைப் பையன்கள் தூக்கிவிடுவார்கள்.

பெட்டி சரி.

ஞாயிற்றுக்கிழமை
கொருக்குப்பேட்டை ஸ்டேஷன் நடைமேம்பாலத்துக்குக்
கூட்டிக்கொண்டு போனேன்.
முப்பத்தெட்டுப் படி.
இரண்டு தரம் ஏறினால் பாகியோ.
முதல் தரம் சத்தமாக எண்ணிக்கொண்டே ஏறினான்.
இரண்டாவது தரம் பதினொன்றில்
எண்ணுவதை விட்டான்.
இருபதில் உட்கார்ந்துவிட்டான்.
மீன்கூடையோடு இறங்கியவள்
"இன்னாண்ணே, ரயிலு பூட்ச்சா?" என்றாள்.
"இல்லம்மா, மலை ஏர்றேன்."
அவள் நின்று அவன் முட்டியைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
"பாத்து ஏறு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் மட்டும் மேலே போய் நின்றேன்.
அந்தப் பக்கம் துறைமுகக் கிரேன்கள்,
இந்தப் பக்கம் எங்கள் மலையின் புகை,
நடுவில் ஊர் முழுக்கக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள்.
காற்று இருந்தது.
எழுநூறு பெசோ மிச்சம் என்று
கீழே இறங்கிச் சொல்ல நினைத்தேன்.
கண்ணை மூடிக்கொண்டு முட்டியைத் தடவிக்கொண்டிருந்தான்.
சொல்லவில்லை.

இன்று நள்ளிரவு வரை
காசு பிடிக்காமல் ரத்து செய்யலாம்.
"நடுவுல குந்தறதுக்கு எதனா இருக்கானு கேளு."
அங்கே மணி இரண்டரை கூட ஓடுகிறது,
இந்நேரம் தூங்கியிருப்பாள் என்றேன்.
இருந்தாலும் கேட்டேன்.

மரிடெஸ் தூங்கவில்லை.
நாற்பதாவது படியில் ஒரு பெஞ்சு இருக்கிறது, மேடம்.
எங்கள் நாய் அதில்தான் படுக்கும்.
சார் வருகிற அன்றைக்கு எழுப்பிவிடுகிறோம்.

இரண்டு முறை படிக்கச் சொன்னான்.
காலை நீட்டினான், மடக்கினான்.

"எழுப்ப வேணாம்னு எழுது.
கொஞ்சம் தள்ளிப் படுத்தா போதும்."