நாற்பத்திரண்டு அணு

பதிவுப் படிவத்தில் ஒட்டிய படத்திலும்
வாயை மூடித்தான் இருக்கிறேன்.
பாப்பாரப்பட்டி ஆழ்குழாய் வளர்த்த பற்கள்.
பழுப்பில் கோடு, கோட்டின் மேல் சுண்ணாம்புத் திட்டு.
ஒகேனக்கல் தண்ணீர் எங்கள் தெருவுக்கு வருமுன்
கடைவாய்ப் பல் வரை முளைத்து முடிந்திருந்தது.

தருமபுரியில் மூன்று நாள் பட்டறை.
விண்வேதியியலும் கணிப்பு வேதியியலும்.
பதாகையில் 'வேதியல்' என்று அடித்திருந்தார்கள்,
இரண்டு இடத்திலும்.
கௌரவ விரிவுரையாளருக்குப் பாதிக் கட்டணம்,
கௌரவமும் அந்த அளவில்தான்.
பதினெட்டுக் கணினி, ஓடுபவை பதினொன்று.
புளிசாதம். இருவேளை டீ.

பெங்களூரிலிருந்து வந்த ரேவண்ணா
கன்னடம் உரசிய தமிழில் சொன்னார்:
"அங்கே குளிர் மைனஸ் இருநூறு.
ஒரு கன சென்டிமீட்டரில் நூறு மூலக்கூறு இருந்தாலே
நாங்க அதை மேகம்னு சொல்வோம்."
கடைசி வரிசையில் ஒரு குரல்:
"பென்னாகரம் டவுன் பஸ்ஸைவிட வசதி சார்."
எல்லோரும் சிரித்தார்கள். நானும்,
உதட்டின் மேல் கை வைத்து.

அப்புறம் திரையில் அந்தப் பெயர் வந்தது.
ஹைட்ரஜன் ஃப்ளூரைடு.
மேகத்துக்குள் தனியாகத் திரியும் ஃப்ளூரின்
ஹைட்ரஜனைக் கண்டால் பற்றிக்கொள்ளுமாம்,
லேசில் விடாதாம்.
எந்த நட்சத்திரம் பெற்றது அந்த ஃப்ளூரினை என்பதில்
வழக்கு இன்னும் முடியவில்லையாம்.
என் நாக்கு தானாகப் போய்
முன்பல்லின் பள்ளத்தைத் தடவியது.

பயிற்சி நேரத்தில் இரண்டு அணுக்களை வைத்து
நடுவே ஒரு கோடு இழுத்து ஓடவிட்டேன்.
நான்கு நொடி.
பிணைப்பு நீளம்
பூஜ்யம் புள்ளி ஒன்பது இரண்டு ஆங்ஸ்ட்ராம்.
பக்கத்து இருக்கையில் பாலக்கோட்டு மாதப்பன் எட்டிப் பார்த்தான்:
"நம்ம ஊரு வியாதி இவ்ளோதானா மேடம்?"
அவனும் பாதி வாயால்தான் பேசினான்.

"சார், பல்லைக் கணக்குப் போட முடியுமா?"
"எந்தப் பல்?"
திறந்து காட்டினேன்.
அறை முழுக்கப் பார்த்தது. பார்க்கட்டும்.
அவர் குனிந்தார், மருத்துவர் போல அல்ல,
இதுவரை வராத ஒரு மாதிரி
மேசைக்கு வந்துவிட்டதைப் போல.
"ஃப்ளூரோ அபடைட். ஓர் அலகிலேயே நாற்பத்திரண்டு அணு.
மேகம் சுலபம்மா. பல்லுதான் கஷ்டம்.
இந்த மெஷின் தாங்காது."

பத்துக் கால்சியம். ஆறு பாஸ்பேட்.
நடுவில் ஓடும் குழலில் இரண்டு ஃப்ளூரின்,
ஹைட்ராக்சில் உட்கார வேண்டிய இடத்தில்,
யாருக்கும் தெரியாமல் பட்டா மாறிய நிலம் போல.
ஒவ்வொன்றாக நட்டு முடிக்க ஆறரை ஆகிவிட்டது.
முதல் சுற்றுக்கே இருபது நிமிடம்.
கடைசிப் பேருந்து எனக்காக நிற்காது.

காவலாளி தீர்த்தகிரி
பத்து மணிக்கு மெயினை இறக்கிவிடுவார்.
திரையின் நெற்றியில் தாள் ஒட்டினேன்:
அணைக்க வேண்டாம். கணக்கு ஓடுகிறது.
இண்டூர் தாண்டும்போது
ஜன்னலுக்கு மேலே வானம் இருந்திருக்கும்.
நான் பார்க்கவில்லை.
விசிறி நின்றிருக்குமோ,
எலி ஏதும் வயரைக் கடித்திருக்குமோ.

காலையில் திரை கறுத்திருந்தது.
கோப்பின் கடைசி வரியில் இருபத்திமூன்றாம் சுற்று.
ஆற்றல் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது,
குவியவில்லை.
என் தாளில், என் எழுத்துக்குக் கீழே,
பென்சிலில்:

3.10க்கு கரண்டு போச்சு.
இன்வெர்ட்டர் நாலு வரைக்கும் தாங்குச்சு.
நான் அணைக்கல.
இன்னிக்கி ராவும் ஓடுமா?