ஏழாம் தண்ணி

மூடியைத் திறந்தேன்.
ரோஸ் நிறத்தில் இருக்கவேண்டிய தண்ணி
முந்தநாள் சொதிபோல்
தடித்துக் கிடந்தது.
விரலை விட்டெடுத்தேன். வழுக்கியது.

புர்க்டோர்ஃப், ஜனவரி, காலை ஐந்தரை.
ஆறேகாலுக்கு லுட்செல்ஃப்ளூவில்
ஒருவருக்கு இன்சுலின் போடவேண்டும்.
பஸ் ஆறு நாற்பதுக்குத்தான்.

எண்ணெயும் தண்ணியும் ஒட்டாது என்று
ஒவ்வொரு சண்டையின் முடிவிலும் சொல்லுகிற வழக்கம்
எங்கள் குடும்பத்தில் உண்டு.
என்ன பொய்.
கொதிக்க வைத்துப் பம்பில் அடித்து
நிறுத்தாமல் சுற்றவிட்டால்
நன்றாகவே ஒட்டும்.

மச்சான் விமலேஸ்வரன் போனிலேயே தீர்ப்புச் சொன்னார்:
"ஹெட் கஸ்கெற் போயிட்டுது. ஒண்டும் செய்யேலாது.
கண்ணாடியிலை கார்ட் செருகிப்போட்டுப் போறாங்களெல்லோ,
அவங்களுக்கு அடி.
அறுநூறு பிராங்க் தருவாங்கள்."

டிப்ஸ்டிக்கை மூன்று தரம் துடைத்துப் பார்த்தேன்.
கறுத்த தேன். நுரையில்லை.
எண்ணெய் தண்ணிக்குள் போகிறது,
தண்ணி எண்ணெய்க்குள் வரவில்லை.

ஊசி போடும் கைக்கு இது தெரியும்:
அழுத்தம் கூடிய பக்கம்தான் கசியும்.
எஞ்சின் ஓடும்போது எண்ணெய்க்கு நாலு பார்,
தண்ணிக்கு ஒன்றுக்குச் சற்று மேல்.

ஒயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்பசை.
அதற்குப் பயந்து ஒரு நாள் வீணாய்ப் போனது.
பிறகுதான் நினைவு வந்தது,
மூன்று கிலோமீட்டர் ஓடு, நிறுத்து, மாடியேறு,
மூன்று கிலோமீட்டர் ஓடு, நிறுத்து,
இப்படிக் குளிருக்குள் அலையும் எந்தக் காருக்கும்
மூச்சு ஈரம் அங்கேதான் படியும்.

நீலத் திரவம் வாங்கினேன்.
தொட்டியில் பாதியை உறிஞ்சியெடுத்து
வாயில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தினேன்.
புகை கலந்தால் மஞ்சளாகும்.
பத்து நிமிடம்.
நீலம் நீலமாகவே இருந்தது.
கொம்ப்ரஷன்: பதினாலு, பதின்மூன்றரை, பதினாலு, பதினாலு.
மச்சானுக்கு எண்களை அனுப்பினேன்.
ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

மிச்சம் ஒயில் கூலர்.
எக்ஸோஸ்ற்றுக்குப் பின்னால், உள்ளங்கையளவு அலுமினியம்.
ஒரே சுவரின் இந்தப் பக்கம் எண்ணெய், அந்தப் பக்கம் தண்ணி,
சூட்டை மட்டும் கைமாற்றிக்கொண்டு
பேசாமல் போகும் இடம்.
துருப்பிடித்த ஆணிகள் இரண்டு முறிந்தன.
முழங்கை கிழிந்தது.

கழற்றியதைச் சலவை அறைத் தொட்டியில் அமிழ்த்தி
ஒரு வாயை அடைத்து, மறுவாயில்
சைக்கிள் பம்பை இறுக்கினேன்.
அப்போது பார்த்து ட்ஸ்பின்டன் கூடையோடு வந்து நின்றார்.
பட்டியலில் செவ்வாய் அவருடைய நாள்.

என்னைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார்.
கூடையை வைத்துவிட்டுத்
தன் போன் வெளிச்சத்தைத் தண்ணிக்குள் பிடித்தார்.
நாலாம் அடிக்கு, மூலையிலிருந்து
கடுகளவில் ஒரு குமிழ்.
நின்றது. பிறகு இன்னொன்று.

"டா," என்றார்.
பதினொரு வருடமாய் ஒரே படிக்கட்டில்
'க்ரூஸெக்' தவிர அவர் எனக்குச் சொன்ன முதற்சொல்.
இரண்டாவது: தொட்டியைக் கழுவிவிட்டுப் போங்கள்.

புதுக் கூலர் தபாலில் வந்தது.
பாத்திரம் கழுவும் பவுடரைக் கரைத்து ஊற்றினேன்,
ஓடவிட்டேன், வாளியில் வடித்தேன்.
முதல் தண்ணி சொதி.
மூன்றாவது பால் தேத்தண்ணி.
ஐந்தாவதில் வாளியின் அடி தெரிந்தது.
ஏழாவதிலும் மேலே ஒரு மெல்லிய வானவில்.
வாளிகளை எல்லாம் மூடி
நகரசபையின் கழிவெண்ணெய் நிலையத்துக்குக் கொண்டுபோனேன்.
கையொப்பம் கேட்டார்கள்.

இப்போது தொட்டியின் பக்கத்தில்
நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருக்கிறேன்.
இரவு வேலை முடிந்து, எஞ்சின் ஆறிய பிறகு
மூடியைத் திறந்து விரலை விடுகிறேன்.
ரோஸ். ஓரத்தில் ஒரு வழுவழுப்பு.

பழையது குழாய்ச் சுவரில் ஊறியிருந்து வருகிறதா,
புதிதாகக் கசிகிறதா,
விரலுக்குத் தெரியவில்லை.
காற்சட்டையில் துடைத்துக்கொண்டு
படியேறுகிறேன்.
காலை ஐந்தரைக்கு மறுபடி பார்க்கலாம்.