வால்வு

கிணறு ராசல்கைமாவில்.
பேரீச்சந்தோப்பு புஜைராவில்.
இடையில், மசாஃபிச் சரளையில்
ஆறங்குலக் குழாய், ஒரு வால்வு, நான்.

திங்களன்று உள்ளூர் கோர்ட்
மூடு என்றது.
புதனன்று ஃபெடரல் கோர்ட்
திற என்றது.
இரண்டும் அரபி. ஒன்றில் பருந்து முத்திரை,
மற்றதில் மை கலங்கியிருந்தது.
வாசித்துச் சொன்ன ஃபோர்மேன் குல்ஸமான்
டீ குடிக்கப் போனவன்தான்.

தீர்ப்பு வந்தும் வராத தண்ணீர்
திருத்துறைப்பூண்டிக்காரனுக்குப் புதிதா?
ஆனால் அங்கே
சாவி என் கையில் இருந்ததில்லை.

பாதி திருகி வைத்தேன்.
இரு தரப்பு வக்கீல்களும் வந்து
வால்வைப் படமெடுத்தார்கள்,
என் விரல்களோடு.

எந்தக் கோர்ட் என்னைக் கூப்பிடுமென்று
முதலாளிக்கும் தெரியவில்லை.
பாஸ்போர்ட் அவரிடம்.

கசியும் மூட்டுக்குக் கீழே
கழுதை ஒன்று
எல்லைக்கல்லில் முதுகைத் தேய்த்துவிட்டு
நிதானமாகக் குடிக்கிறது.