பதினேழு சதவீத ஈரம்

பவுடர் இரண்டு கரண்டி, தண்ணீர் முந்நூறு மில்லி.
மூடியைத் திருகிக் குலுக்கினால்
உள்ளே ஒரு கம்பிப்பந்து கடகடவென்று ஓடும்.
தொண்ணூறு நொடியில் முடிந்துவிடுகிறது
என் மதியச் சாப்பாடு.

கோட்டூர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில்
பட்டியல் எழுத்தர் நான்.
மூட்டைக்கு நாற்பது கிலோ, சாக்கின் எடை தனி.
நாளுக்கு எழுநூறு எண்ணூறு முறை
எடை பார்க்கிற கண்.
ஆனாலும் என் எடையை
மன்னார்குடியில், மருந்துக்கடை மாடியில்
பிரமிளா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்:
எண்பத்தொன்று.
"ரெண்டு மூட்டை" என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை.
டப்பா இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய்.
வெனிலா, மாம்பழம், குல்ஃபி.
குல்ஃபி வாங்கினேன்.

முதல் வாரம் இரண்டே முக்கால் கிலோ இறங்கியது.
கைதட்டி, என் படத்தைச் சுவரில் ஒட்டினார்கள்.
அடுத்த வாரம் நானூறு கிராம்.
அதற்கடுத்த வாரம் எண் அசையவே இல்லை.
"முதல்ல போனது தண்ணி மேடம்,
இனிமேதான் கொழுப்பு" என்றாள்.

தண்ணியைப் பற்றி எனக்கா?
இருபத்தொரு சதவீத ஈரத்தோடு அறுத்த குறுவையைத்
தார்ச்சாலையில் நாலு நாள் கிளறிக் காயவைத்துப்
பதினேழுக்கு இறக்கிக் கொண்டுவருகிற தங்கராசு
என் மேசைக்கு வந்துதான் புலம்புவார்:
"எழுபது மூட்டை அறுபத்தாறா நிக்கிது.
ஒரு மணி நெல்லு குறையல.
எடை மட்டும் எங்கம்மா போச்சு?"

பசியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.
மிச்ச நேரத்தைத்தான் முடியவில்லை.
ஒன்றிலிருந்து இரண்டு வரை இடைவேளை.
தொண்ணூறு நொடி போக
ஐம்பத்தெட்டரை நிமிடம்
பல்லுக்கு வேலையில்லை.
அட்டிக்கு அந்தப்பக்கம்
சுமைதூக்கும் பதினோரு பேரும் தூக்குச்சட்டி திறப்பார்கள்.
காத்தலிங்கம் சோறு பிசைகிற சத்தம்
எனக்குத் தனியாகக் கேட்க ஆரம்பித்தது.
மத்தி எது, நெத்திலி எது என்று
மூக்கு பட்டியல் போட்டது.
சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச்
செருப்பைக்கூடக் கழற்றாமல்
அரைப் பாக்கெட் மிக்சர்.
அது பிரமிளாவின் நோட்டில் ஏறவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள்
சரியாகச் சாப்பாட்டு வேளைக்கு மழை பிடித்தது.
பட்டியல் புத்தகத்தை முந்தானையில் சுருட்டிக்கொண்டு
நானும் ஒரு முனை தார்ப்பாய் இழுத்தேன்.
என் பாட்டில் எங்கோ உருண்டு போயிற்று.
காத்தலிங்கம் சட்டி மூடியைத் திருப்பி
அதில் இரண்டு கைப்பிடிச் சோறு வைத்தார்,
முருங்கைக்கீரை, ஒரு துண்டு கருவாடு.
முள் எடுக்கவே நேரம் பிடித்தது.
மழை விடுகிறவரை மென்றேன்.
இன்னொரு கை அள்ளியபோது
"போதும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது.
ஷேக் தீர்ந்துபோகும்.
இரண்டு மாதமாக நான் ஒரு தடவைகூடப்
போதும் என்று சொன்னதில்லை.

அவர் சாப்பாடு எனக்கு ஆகாது, தெரியும்.
அவர் தலையில் நாளுக்கு இருநூறு மூட்டை ஏறி இறங்குகிறது.
என் கையில் ஏறி இறங்குவது பேனா.
பிரமிளாவையும் குறை சொல்ல மாட்டேன்.
காலையில் பஸ் பிடிக்கிற அவசரத்துக்கு
இன்றைக்கும் அந்த ஒரு டம்ளர்தான்.
சர்க்கரையும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது,
எதனால் என்று டாக்டர் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

மதியத்துக்கு, டப்பாவோடு வந்த அந்தக் கரண்டியால்
மூன்று கரண்டி அரிசி அளந்து வடிக்கிறேன்.
கீரை அளவில்லாமல்.
சட்டியை எட்டிப் பார்த்த காத்தலிங்கம் கேட்டார்:
"இது எத்தன கரண்டி சேந்தா மேடம் ஒரு மரக்கா?"
பதினோரு பேரும் சிரித்தார்கள்.
எனக்குப் புரையேறிவிட்டது.

நேற்று லாரி போன பிறகு
யாரும் இல்லாத நேரம் பார்த்துத்
தராசில் ஏறி நின்றேன்.
எழுபத்தேழு புள்ளி நாலு.
புடவைக்கு அறுநூறு கிராம் கழித்தேன்,
சாக்குக்குக் கழிப்பதுபோல.