யாரும் சாகாத தொடர்

பத்து மணிக்கு விடியும்,
ஐந்தரைக்குள் அடங்கிவிடும்.
நடுவில் கிடைக்கும் வெளிச்சம்
ஒரு நாவலின் முதல் அத்தியாயத்துக்கே பற்றாது.
முன்பனி, பின்பனி என்று பிரிக்க
புந்தா அரேனாஸில் ஒன்றுமில்லை.
காற்றுகூடக் கோடையின் சேட்டைதான்.
குளிர்காலத்தில் ஊர் அசையாமல் நின்று
தகரக் கூரையில் பனி விழுவதைக் கேட்கும்.

ஜூன் வந்தால் எனக்கு வேலை அதிகம்.
நகராட்சி நூலகத்தில் இரண்டாவது மேசை.
எதைப் படிக்க, எதைப் பார்க்க, எதைக் கேட்க என்று
ஆண்டுக்கொரு பட்டியல் தட்டச்சு செய்வேன்.
ஒரு பிரதி எங்கள் கதவில்,
ஒன்று வாழைப்பழப் பால் விற்கும் கடையில்
கல்லாவுக்குப் பின்னால், எண்ணெய்ப் புள்ளிகளோடு.

இம்முறை முதலில் ஒரு தடித்த நாவல்.
கப்பல் கட்டுகிறார்கள்;
அறுநூறு பக்கத்திலும் அது கடலில் இறங்குவதில்லை.
யெர்கோ பாரியாவை நினைத்துச் சேர்த்தது.
ஜூலை முதல் தேதி நண்டுப் படகேறுகிறவன்.
"சீக்கிரம் முடிகிற கதை வேண்டாம்,
ரொம்ப நல்ல கதையும் வேண்டாம், தூக்கம் கெடும்" என்பான்.
போன ஆண்டு அவன் திருப்பித் தந்த புத்தகம்
இன்னும் சன்னலோரம் தனியாகக் காற்று வாங்குகிறது.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு சிவப்பு முள்.
நான் எடுக்கவில்லை.
அவன் அங்கே நிறுத்தியிருக்கலாம்.

இசைக்கு, சிலோயே தீவில் பதிவான ஓர் அக்கார்டியன் தட்டு.
வாசிப்பு சுமார்.
பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள்,
அதற்காகக் கேளுங்கள்.

படம்: வெயில். வேறொன்றுமில்லை.
ஒரு பெண் ஒன்றரை மணிநேரம் தர்பூசணி தின்கிறாள்.
ஹீட்டரைக் குறைத்துக்கொள்ளலாம்,
எரிவாயு மிச்சம்.

சிக்கல் தொலைக்காட்சியில்தான்.
போன ஆண்டு, கணவரைப் புதைத்த ஒன்பதாம் நாள்
ஸ்லாவ்கா மார்ட்டினிச் வந்து நின்றார்.
"ஒருத்தரும் சாகாத தொடர் ஒன்று சொல்லு."
ஒரு தபால் நிலையத்தின் கதையைக் கொடுத்தேன்.
எட்டு பாகம்.
கடிதங்கள் தாமதமாகும், அவ்வளவுதான்.
ஐந்து பார்த்திருந்தேன்,
மீதியை நம்பிவிட்டேன்.

ஏழாவதில் நாய் செத்துப்போகிறது.

கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்தார்.
பனி உருகி என் மேசையில் சொட்டியது.
"நீ பார்க்கவில்லை" என்றார்.
திட்டியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன்.

அன்றிலிருந்து எல்லாவற்றையும் கடைசி வரை பார்க்கிறேன்,
ஒவ்வொரு பெட்டியையும் திறந்து கிளறும்
சுங்க அதிகாரியைப் போல.
எத்தனை பேர் சாகிறார்கள் தெரியுமா!
சமையல் போட்டியில்கூட ஒருவர்
வெங்காயம் நறுக்கியபடி அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறார்.
சிறுவர் நிகழ்ச்சியில் மீன்தொட்டி காலியாகிறது.
பத்து மாதம் தேடி ஒன்று கிடைத்தது:
சலவைக்கடை நடத்தும் இரண்டு சகோதரர்கள்,
பன்னிரண்டு பாகம்.
ஒரு பொத்தான் தொலைகிறது,
கிடைத்தும் விடுகிறது.
பட்டியலில் அடிக்கோடிட்டேன்:
முழுவதும் பார்த்தாயிற்று.
யாரும் சாகவில்லை. நாய் கிடையாது.

வியாழக்கிழமை அவர் கதவருகே நின்று படித்தார்,
கையுறை விரலை வரி வரியாக நகர்த்தி.
என் வரியில் விரல் சற்று நின்றது.
உள்ளே வந்தார்.

"பொத்தான் கதை யெர்கோவுக்குக் கொடு.
எனக்கு அந்தத் தபால் நிலையம் வேண்டும்.
எட்டாவதை நான் பார்க்கவே இல்லை.
மறுநாள் கடையைத் திறந்தார்களா, இல்லையா?"

திறந்தார்கள்.
நான்கு முறை பார்த்திருக்கிறேன்.
பைகளை அவிழ்க்கிறார்கள், முத்திரை குத்துகிறார்கள்,
யாரும் எதுவும் பேசுவதில்லை,
ஆனால் கணப்புக்குப் பக்கத்தில்
நாய் படுத்திருந்த இடத்தை
இன்னும் சுற்றியே நடக்கிறார்கள்.

சொல்லவில்லை.
தவணைத் தேதியை அழுத்தினேன்,
மை கொஞ்சம் அதிகமாகிவிட்டது.
அவர் ஊதிக் காயவைத்து எடுத்துப்போனார்.