பன்னிரண்டு கம்பி

துர்க்கு நகரில் மூன்றரைக்கே இருட்டு.
கப்பல் பட்டறையிலிருந்து நேராக வந்திருக்கிறாள் ரைலி,
நகக்கண்ணில் கிரீஸ்.

சிவப்பு கிதார் அழகுதான்.
கழுத்து ஒடுக்கம்; அவளுடைய ஒரு விரல்
நான்கு கம்பிகளை மிதிக்கிறது.
வெள்ளையைத் தோளில் மாட்டிக் கையை எடுத்தால்
தலை தரை பார்க்கிறது.

மூன்றாவது பாசிப்பச்சை. பழசு.
ஒரு கம்பி இல்லை.
"பதினொன்றுக்குத்தானே காசு?"
ஓஸ்மோ சிரிக்கவில்லை. ஒயரைச் சொருகுகிறான்.

ஒரே சுரம், இரண்டு கம்பி,
மயிரிழை பிசகு.
அந்தப் பிசகில்தான் மினுங்குகிறது.
சுருதி சேர்க்க நீள்கிறது அவன் கை.

"தொடாதே."

இன்னொரு தடவை மீட்டுகிறாள்,
ஜோடியில்லாத அந்த ஒற்றையைக்
கடைசியாக.

பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை அதற்கு.
கோட்டுப் பையில் பன்னிரண்டாவது,
காகித உறைக்குள் சுருண்டு.
மாட்டலாம்.
அவசரமில்லை.